வெளிநாட்டுத் தத்தெடுப்பு: ஆவணங்களுக்கு நோட்டரி முதல் அப்போஸ்டில் வரை

வெளிநாட்டில் காட்ட வேண்டிய ஆவணத்தோடு அரசு அலுவலகம் இணைத்துத் தரும் சான்றுதான் அப்போஸ்டில். அது ஒட்டிய சான்றிதழில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று அரசாங்கமே உறுதி சொல்வதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்போஸ்டில் அப்படி எதையும் சொல்வதில்லை. அது சொல்வது மூன்றே விஷயம்: இந்தக் கையெழுத்து இன்னாருடையது, கையெழுத்துப் போட்டபோது அவர் இன்ன பதவியில் இருந்தார், இதில் விழுந்திருக்கும் முத்திரை அந்த அலுவலகத்தின் முத்திரைதான். சம்பளச் சான்றில் தொகை தப்பாக இருந்தாலும் அப்போஸ்டில் கிடைத்துவிடும். தொகை சரியாக இருந்து, நோட்டரியின் கையெழுத்து பதிவிலிருக்கும் மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் கிடைக்காது.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் தானாக விளங்கும். ஒவ்வொரு முத்திரையும் தனக்குக் கீழே இருக்கும் கையெழுத்துக்கு மட்டுமே சாட்சி. மருத்துவர் கையெழுத்துப் போடுகிறார். அவருக்கு நோட்டரி சாட்சி. நோட்டரிக்கு அப்போஸ்டில் அலுவலகம் சாட்சி. நடுவில் ஒருவர் விட்டுப்போனால் மேலே இருப்பவர் பேனாவை எடுக்க மாட்டார். கீழே இருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கவுன்டரில் ஆவணங்கள் பல இந்தக் காரணத்தால்தான் திரும்புகின்றன.

முதலில் எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

வெளிநாட்டில் காட்ட வேண்டிய ஆவணத்துக்கு இரண்டு வழிகள். குறுக்கு வழி அப்போஸ்டில். 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள், ஒரே ஒரு அலுவலகத்தின் சான்று போதும். தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. சேராத நாடு என்றால் சுற்று வழி: நோட்டரி, உள்ளூர் அல்லது மாநில அலுவலகம், வெளியுறவு அமைச்சகம், கடைசியாக அந்த நாட்டின் தூதரகம்.

ஒரு விஷயத்தை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹேக் ஒப்பந்தம் என்று பேச்சில் அடிபடுவது இரண்டு வெவ்வேறு ஒப்பந்தங்கள். 1961-இல் வந்தது அப்போஸ்டில் பற்றியது. 1993 மே 29-இல் வந்தது நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றியது. ஒரு நாடு ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் இருக்கலாம். கனடா தத்தெடுப்பு ஒப்பந்தத்தில் பல ஆண்டுகளாக இருந்தது. அப்போஸ்டில் அங்கே நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரி 11-இல்தான். பிலிப்பைன்சில் 2019 மே 14. "ஹேக் நாடுதானே" என்று தத்தெடுப்பு ஏஜென்சி சொன்னால், எந்த ஹேக் என்று கேளுங்கள். பழைய வழிகாட்டிகளில் இருக்கும் தூதரகப் பட்டியல்களையும் அப்படியே நம்ப வேண்டாம். உறுப்பு நாடுகளின் நிலவரப் பட்டியலை, இந்த ஒப்பந்தங்களைக் கவனிக்கும் ஹேக் மாநாட்டு அமைப்பு தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அதையே பாருங்கள்.

அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவின்படி, புதிதாகச் சேரும் நாட்டுக்கு ஏற்கெனவே இருக்கும் நாடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் அந்த இரண்டு நாடுகளுக்குள் மட்டும் அப்போஸ்டில் செல்லாது. பழைய தூதரக வழிதான். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிப்பில் இது இருக்கும், யாரும் படிப்பதில்லை.

பார்க்க வேண்டிய ஜோடி, ஆவணத்தைக் கொடுத்த நாடும் அதை வாங்கிக்கொள்ளும் நாடும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு இதில் இடமில்லை. ஒரு நாட்டில் பிறந்து, இரண்டாவது நாட்டில் திருமணம் செய்து, மூன்றாவது நாட்டில் வசிப்பவர்கள் நான்காவது நாட்டிலிருந்து தத்தெடுக்கிறார்கள் என்று வையுங்கள். பிறப்புச் சான்றுக்கு முதல் நாட்டில் அப்போஸ்டில் வாங்க வேண்டும், திருமணச் சான்றுக்கு இரண்டாவதில், ஹோம் ஸ்டடிக்கும் (தத்தெடுப்பவர்களின் வீட்டையும் குடும்பத்தையும் ஆய்ந்து எழுதும் அறிக்கை) வேலைச் சான்றுக்கும் மூன்றாவதில். வசிக்கும் நாட்டு அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் இரண்டு திரும்பி வரும். வெளிநாட்டு அதிகாரியின் கையெழுத்துக்கு அவர்களால் சாட்சி சொல்ல முடியாது.

வெளிநாட்டில் வசிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் தங்கள் சொந்த நாட்டுத் தூதரகம். தூதரக அதிகாரிகள் கையெழுத்திட்ட ஆவணங்களுக்கு அப்போஸ்டில் ஒப்பந்தம் பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. தூதரகம் கொடுத்த காவல்துறை நற்சான்றையோ பிறப்புச் சான்றையோ எடுத்துக்கொண்டு அலைந்தால் எந்தக் கவுன்டரிலும் அப்போஸ்டில் கிடைக்காது. அதே சான்றைச் சொந்த நாட்டில் அந்தந்தத் துறையிடமிருந்தே நேராக வாங்கி, அங்கேயே அப்போஸ்டில் போட்டு வரவழைப்பதுதான் வழி. இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதனால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

அப்போஸ்டிலே தேவைப்படாத சந்தர்ப்பமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளுக்குள் பிறப்பு, திருமணம், குற்றப் பதிவின்மை போன்ற பொது ஆவணங்களுக்கு அப்போஸ்டில் கேட்கக் கூடாது என்று 2016/1191 என்ற ஒழுங்குமுறை சொல்கிறது. 2019 பிப்ரவரி 16 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆவணங்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள்

குழந்தையின் நாடு கேட்கும் பட்டியல் கையில் வந்ததும், அதை அரசு ஆவணம், தனியார் ஆவணம் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, விவாகரத்துத் தீர்ப்பு, காவல்துறை நற்சான்று, வெளிநாட்டுத் தத்தெடுப்பைக் கவனிக்கும் உங்கள் நாட்டு மைய ஆணையத்தின் அனுமதிக் கடிதம் எல்லாம் அரசு ஆவணங்கள். மருத்துவச் சான்று, வேலைச் சான்று, வங்கிக் கடிதம், அறிமுகக் கடிதங்கள், வீட்டுப் படங்கள், தத்தெடுக்கும் விண்ணப்பம், வழக்கறிஞருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் எல்லாம் தனியார் ஆவணங்கள். ஹோம் ஸ்டடி என்னும் இல்ல ஆய்வு அறிக்கை, அதை எழுதுவது அரசுத் துறையா, அங்கீகாரம் பெற்ற தனியார் அமைப்பா என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றில் விழும்.

அரசு ஆவணத்துக்கு நோட்டரி வேண்டாம். அதில் ஏற்கெனவே ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. பொதுவாக நேராக அப்போஸ்டிலுக்குப் போகும். தனியார் ஆவணத்தில் இருப்பது ஒரு தனிமனிதரின் கையெழுத்து. அவரை அப்போஸ்டில் அலுவலகத்துக்குத் தெரியாது. நோட்டரி நடுவில் வருவது அதற்காகத்தான்.

அதிகம் பேர் சறுக்குவது அரசு ஆவணங்களில்தான். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் முப்பது வருடப் பழைய பிறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் கையெழுத்திட்ட பதிவாளர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய மாதிரிக் கையெழுத்து அப்போஸ்டில் அலுவலகத்தின் பதிவில் இருக்காது. ஆவணம் அசல்தான், ஆனால் பயனில்லை. பிறப்பு, திருமணச் சான்றுகளைப் புதிதாக எடுப்பதே நல்லது. எடுக்கும்போது இப்போது பதவியில் இருக்கும் பதிவாளரின் பேனாக் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பிரதியாகக் கேளுங்கள். சுருக்கச் சான்று, முழுப் பதிவு என்று இரண்டு வகை கொடுக்கும் இடங்களில் முழுப் பதிவை வாங்குங்கள். பெற்றோர் பெயர் அதில்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். மருத்துவமனை கொடுத்த பிறப்புக் குறிப்பும், மத நிறுவனம் கொடுத்த திருமணச் சான்றும் பல நாடுகளில் அரசு ஆவணமாகக் கணக்கில் வராது.

நகலுக்கு நோட்டரி சான்று போட்டு, அதன்மேல் அப்போஸ்டில் வாங்கிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். முத்திரை கிடைக்கும். ஆனால் அந்த முத்திரை சாட்சி சொல்வது நோட்டரியின் கையெழுத்துக்கு. பதிவாளரின் கையெழுத்துக்கு அல்ல. பிறப்புச் சான்றுக்கு இதை ஏற்காத நாடுகள் நிறைய, அப்படி நகலெடுக்க நோட்டரிக்கே அதிகாரம் தராத இடங்களும் உண்டு. பாஸ்போர்ட் நகலுக்கு மட்டும் இந்த வழி பொதுவாகச் செல்லும், அசலை அனுப்பவே முடியாது என்பதால்.

பெயர்

பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் உங்கள் பெயர். மற்ற எல்லா ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து அதுவே வர வேண்டும். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அதை விரித்த பெயர், திருமணச் சான்றில் பழைய குடும்பப் பெயர் என்று இருந்தால், வெளிநாட்டு நீதிபதிக்கு அது மூன்று பேர். திருத்த முடிகிறவற்றைத் திருத்துங்கள்: வேலைச் சான்றும் வங்கிக் கடிதமும் புதிதாக எழுதப்படுபவை, அவற்றில் பிழைக்குக் காரணமே இல்லை. பழைய பதிவுகளைத் திருத்த முடியாவிட்டால், "கீழ்க்கண்ட பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும்" என்று எல்லா வடிவங்களையும் வரிசையாக எழுதி ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்து, அதற்கும் நோட்டரி, அப்போஸ்டில் போட்டுக் கோப்பில் வையுங்கள்.

தேதிகளில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 04/07 என்றால் ஒரு நாட்டில் ஏப்ரல் 7, இன்னொரு நாட்டில் ஜூலை 4.

நோட்டரி மேசையில்

நோட்டரியிடம் போவதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் சாட்சி சொல்லப்போவது "என் முன்னிலையில் கையெழுத்திட்டார்" என்று. முன்பே போட்ட கையெழுத்துக்கு முத்திரை குத்தித் தரும் நோட்டரியும் இருப்பார். அவரைத் தவிர்ப்பது நல்லது. மருத்துவர், வங்கி மேலாளர், அலுவலக மனிதவள அதிகாரி எல்லோரும் தங்கள் கடிதத்தில் நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டியவர்கள்தான். அவர்களை நோட்டரி அலுவலகத்துக்கு வரவழைப்பது நடக்கிற காரியமில்லை. வெளியிடத்துக்கு வரும் நோட்டரியை ஏற்பாடு செய்து, அவர்கள் இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போங்கள்.

வெறும் முத்திரையும் கையெழுத்தும் போதாது. யார், எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த அடையாள அட்டையைக் காட்டி, என்ன செய்தார் என்று நோட்டரியின் வாசகம் இருக்க வேண்டும். இந்த வாசகத்தில் இரண்டு வகை உண்டு: கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதைச் சொல்வது ஒன்று, உள்ளடக்கம் உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டதைச் சொல்வது மற்றொன்று. அதிகாரப் பத்திரத்துக்கு முதல் வகை, பிரமாணப் பத்திரத்துக்கு இரண்டாவது வகை. மாற்றிப் போட்டால் சில நாடுகள் திருப்பி அனுப்பும்.

மேசையை விட்டு எழுந்திருப்பதற்கு முன் தாளைக் கையில் எடுத்து இவற்றைப் பாருங்கள்: முத்திரை எழுத்தின் மேல் விழாமல் தெளிவாக இருக்கிறதா, நோட்டரியின் பெயர் அச்செழுத்தில் இருக்கிறதா, நோட்டரியின் தேதி கடிதத்தின் தேதிக்கு முந்தையதாக இல்லாமல் இருக்கிறதா, நோட்டரியின் பதவிக்காலம் எப்போது முடிகிறது. கையெழுத்திட்ட நாளில் பதவி இருந்தால் சட்டப்படி போதுமானதுதான். ஆனால் முத்திரையில் இருக்கும் முடிவுத் தேதியைப் பார்த்து, கோப்பு படிக்கப்படும் நாளில் அது கடந்திருந்தால் சந்தேகம் கிளப்பும் அதிகாரிகள் உண்டு. ஒரு வருடமாவது மீதமிருக்கும் நோட்டரியைத் தேர்ந்தெடுத்தால் அந்த வாக்குவாதமே வராது. பிழை இருந்தால் வெள்ளை மை பூசவோ அடித்து எழுதவோ விடாதீர்கள். புதுத் தாளில் மறுபடி செய்யச் சொல்லுங்கள். எல்லாக் கையெழுத்தும் நீல மையில் இருக்கட்டும். கறுப்பு மைக் கையெழுத்தை நகலிலிருந்து பிரித்தறிவது கடினம்.

முடிந்தவரை எல்லாத் தனியார் ஆவணத்துக்கும் ஒரே நோட்டரியை வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மாதிரிக் கையெழுத்து அப்போஸ்டில் அலுவலகத்தில் இருக்கிறதா என்று ஒரே தடவை விசாரித்தால் முடிந்தது. மாநிலங்கள் உள்ள நாடுகளில் இது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் நோட்டரி கையெழுத்துக்கு அப்போஸ்டில் தருவது அந்தந்த மாநில அரசு. பக்கத்து மாநில நோட்டரியின் ஆவணம் பக்கத்து மாநிலத்துக்கே போக வேண்டும். அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கொடுக்கும் குற்றப்பதிவுச் சான்றுக்கோ மத்திய வெளியுறவுத்துறை. இந்தியாவில் அப்போஸ்டில் தருவது வெளியுறவு அமைச்சகம். அதற்கு முன் மாநில அளவில் சான்றொப்பம் கேட்கப்படும்.

எதை முதலில், எதைக் கடைசியில்

அப்போஸ்டிலுக்கு ஒப்பந்தத்தில் காலாவதித் தேதி கிடையாது. காலாவதியாவது அதற்குக் கீழே இருக்கும் ஆவணம். மருத்துவச் சான்றும் காவல்துறை நற்சான்றும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் உண்டு, ஒரு வருடம் வரை விடும் நாடுகளும் உண்டு. கணக்கு எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சான்று எழுதிய நாளிலிருந்தா, நோட்டரி நாளிலிருந்தா, கோப்பு அங்கே போய்ச் சேரும் நாள் வரையா, மொழிபெயர்த்துப் பதிவாகும் நாள் வரையா? இந்த வித்தியாசத்தில் இரண்டு மாதம் போய்விடும்.

ஆகவே வேலையைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள். கோப்பு புறப்பட வேண்டிய நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்பு, திருமணச் சான்றுகள், வெளிநாடுகளிலிருந்து வரவழைக்க வேண்டியவை, விவாகரத்துத் தீர்ப்பு ஆகியவற்றை உடனே தொடங்குங்கள். இவை பெரும்பாலும் பழசாவதில்லை. அடுத்து ஹோம் ஸ்டடி. அது முடியும் தறுவாயில் வேலைச் சான்று, வங்கிக் கடிதம். மருத்துவமும் போலீஸ் சான்றும் கடைசி. ஆனால் விரல் ரேகைப் பரிசோதனை தேவைப்படும் போலீஸ் சான்று தாமதமாகும் என்பதால், "கடைசி" என்பது அது கைக்கு வரும் நாளைத்தான் குறிக்கும், விண்ணப்பிக்கும் நாளை அல்ல.

கட்டணம் பெரும்பாலும் ஆவணத்துக்கு இவ்வளவு என்பதால், பல கடிதங்களை ஒரே நோட்டரி வாசகத்தின் கீழ் கட்டி ஒரே அப்போஸ்டில் வாங்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். சில நாடுகள் ஏற்கும். உதாரணமாக, மூன்று அறிமுகக் கடிதங்களையும் வீட்டுப் படங்களையும் மேலே வைக்கும் ஒரே பிரமாணப் பத்திரத்தோடு சேர்க்கலாம். ஆனால் கட்டில் ஒரே ஒரு கடிதம் காலாவதியானாலும் மொத்தக் கட்டையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். மருத்துவச் சான்றை எதனோடும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

அப்போஸ்டிலைப் படிப்பது எப்படி

கவுன்டரில் தாள் கைக்கு வந்ததும் பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் குறைந்தது 9 சென்டிமீட்டர் உள்ள சதுரக் கட்டம். மேலே எந்த நாடானாலும் பிரெஞ்சில் அப்போஸ்டில் என்ற தலைப்பும் 1961 ஒப்பந்தத்தின் பெயரும் இருக்கும். உள்ளே எண்ணிட்ட பத்து வரிகள். மொழி எதுவானாலும் எண்கள் மாறாது. மொழி தெரியாத அதிகாரிகூட எண்ணை வைத்துப் படித்துவிடுவார்.

முதல் வரி நாடு. இரண்டாவது, ஆவணத்தில் கையெழுத்திட்டவர் பெயர். மூன்றாவது அவர் பதவி. நான்காவது, ஆவணத்தில் உள்ள முத்திரை யாருடையது. ஐந்தும் ஆறும் அப்போஸ்டில் கொடுத்த ஊரும் தேதியும். ஏழாவது கொடுத்த அலுவலகம், எட்டாவது வரிசை எண், ஒன்பதாவது அலுவலக முத்திரை, பத்தாவது கையெழுத்து.

பிழை அதிகம் நுழைவது இரண்டாம் வரியில். நோட்டரியிட்ட வங்கிக் கடிதம் என்றால் அங்கே நோட்டரியின் பெயர் இருக்க வேண்டும். வங்கி மேலாளர் பெயரோ உங்கள் பெயரோ இருந்தால் தப்பு. பிறப்புச் சான்றில் பதிவாளரின் பெயர். கட்டாக ஒரே நாளில் கொடுக்கும்போது ஓர் ஆவணத்தின் அப்போஸ்டில் இன்னொன்றில் ஒட்டப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே இரண்டாம், மூன்றாம் வரிகளை அடியிலிருக்கும் தாளோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். வெளிநாட்டில் கண்டுபிடித்தால் ஒரு மாதம் போய்விடும்.

எட்டாவது வரியின் எண்ணைத் தனியே குறித்து வையுங்கள். அப்போஸ்டில் கொடுக்கும் ஒவ்வொரு அலுவலகமும் எண், தேதி, பெயர், பதவி அடங்கிய பதிவேடு வைத்திருப்பது ஒப்பந்தப்படி கட்டாயம். பல நாடுகளில் அதை இணையத்திலேயே சரிபார்க்கலாம். "ஒரே நாளில் முத்திரை வாங்கித் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகர் கொடுத்த தாளைச் சோதிக்கவும் இதே எண் உதவும். மின்னணு அப்போஸ்டில் கொடுக்கும் நாடுகளில் ஒரு நிபந்தனை: அது மின்கோப்பாக இருக்கும்வரைதான் செல்லும். அச்செடுத்தால் வெறும் நகல். குழந்தையின் நாட்டு அமைப்பு மின்கோப்பாக வாங்கிக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள்.

அப்போஸ்டில் கிடைத்த பிறகு, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று தூதரகத்திலும் ஒரு முத்திரை வாங்கப் போகாதீர்கள். அந்தப் படியை ஒழிப்பதற்காகவே வந்தது அந்த ஒப்பந்தம்.

தூதரக வழி

சுற்று வழியில் வரிசை மாறவே கூடாது. வெளியுறவு அமைச்சகத்துக்கு முன் மாநில முத்திரை, தூதரகத்துக்கு முன் அமைச்சக முத்திரை. அமைச்சகத்தில் கொடுக்கும்போது எந்த நாட்டில் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று படிவத்தில் எழுதுங்கள். அதை வைத்துத்தான் அப்போஸ்டிலா, தூதரகத்துக்கான சான்றா என்று முடிவு செய்வார்கள். ஒரே நாட்டுக்குப் பல துணைத் தூதரகங்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. உங்கள் ஆவணம் எந்த மாநிலத்தில் உருவானதோ அதைக் கவனிக்கும் துணைத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். பல நாடுகள் கோப்பு வந்து சேர்ந்தபின் தங்கள் வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு கடைசி முத்திரையும் கேட்கும். அதை அங்கிருக்கும் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வாரா என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மொழிபெயர்ப்பு

முதலில் முத்திரை, பிறகு மொழிபெயர்ப்பு. முன்னாலேயே மொழிபெயர்த்தால் அப்போஸ்டிலில் இருக்கும் வரிகள் மொழிபெயர்ப்பில் இருக்காது. முத்திரைகள் உட்பட எல்லாம் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று கேட்கும் நீதிமன்றம் அதை ஏற்காது. மொழிபெயர்ப்பாளரை எங்கே பிடிப்பது என்பது அடுத்த கேள்வி. குழந்தையின் நாட்டில் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தால் அங்கேயே செய்வது எளிது: அவருடைய முத்திரை அங்கே நேராகச் செல்லும். உங்கள் நாட்டில் செய்தால் மொழிபெயர்ப்பாளர் நோட்டரி முன் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்துக்குத் தனியாக ஓர் அப்போஸ்டில் வாங்க வேண்டும், செலவு இரட்டிப்பு. மூலத்தோடு பொருந்துவதாகச் சான்றிட்ட மொழிபெயர்ப்பைக் கேட்கும் உரிமையைத் தத்தெடுப்பு ஒப்பந்தத்தின் 34-ஆம் பிரிவு கொடுக்கிறது. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் செலவு தத்தெடுப்பவர்களுடையது. எங்கே செய்தாலும், உங்கள் பெயரும் ஊர்ப் பெயரும் அந்த மொழி எழுத்தில் எப்படி வர வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள். பத்து ஆவணத்தில் பத்து விதமாக எழுதப்படுவதை அது தடுக்கும்.

ஸ்டேப்பிள் முள்

அப்போஸ்டில் தனித் தாளில் வந்தால் அது ஆவணத்தோடு ஸ்டேப்பிள், துளையில் பதிக்கும் உலோக வளையம், நாடா, பசை என்று ஏதோ ஒன்றால் இணைக்கப்பட்டிருக்கும். ஸ்கேன் எடுக்கத் தோதாக அந்த முள்ளை ஒரே ஒருமுறை கழற்றினாலும் அப்போஸ்டில் செத்தது. திரும்ப அதே துளையில் குத்தினாலும் மூலையில் இரட்டைத் துளையும் மடிப்பும் தெரியும். பார்க்கிறவர் தாள் மாற்றப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார். தாளை ஸ்கேனரின் ஓரத்தில் வைத்து, இணைத்த மூலை வெளியே தொங்கும்படி பக்கத்தை மெல்லத் திருப்பி எடுங்கள். அல்லது மேலிருந்து கேமராவில் எடுங்கள். நகல் கடைக்காரரிடம் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், பழக்கதோஷத்தில் அவர் கை முதலில் முள்ளைத்தான் தேடும். லேமினேட் செய்யாதீர்கள், துளை போடும் கோப்பில் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு பக்கமும், பின்பக்க முத்திரை உட்பட, வண்ணத்தில் ஸ்கேன் எடுத்து, ஏஜென்சிக்கும் அங்குள்ள வழக்கறிஞருக்கும் அனுப்பி, "சரி" என்று எழுத்தில் வந்தபிறகுதான் அசலை அனுப்ப வேண்டும். உள்ளே ஆவணங்களின் வரிசைப் பட்டியல், பக்க எண்ணிக்கை, அப்போஸ்டில் எண் ஆகியவை கொண்ட ஒரு தாளை வையுங்கள். எங்கே இருக்கிறது என்று தொடர்ந்து பார்க்கக்கூடிய கூரியர்தான், கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் சேவைதான்.

திரும்பும் வழியில்

குழந்தையோடு கிளம்பும் அவசரத்தில் விட்டுப்போவது இந்தப் பகுதி. இப்போது ஆவணத்தைக் கொடுக்கும் நாடு குழந்தையின் நாடு. அங்கே வாங்க வேண்டிய அப்போஸ்டிலை ஊர் திரும்பியபின் வாங்குவது பெரும்பாடு. தத்தெடுப்புத் தீர்ப்பின் சான்றிட்ட பிரதி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்து தீர்ப்பு இறுதியானது என்ற குறிப்பு, பழைய பிறப்புச் சான்று, புதிய பெற்றோர் பெயரோடு வந்த பிறப்புச் சான்று: ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதியாவது வாங்கி, கிளம்புவதற்கு முன்பே முத்திரை போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட், குடியுரிமை, பள்ளிச் சேர்க்கை என்று பின்னால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிரதி கேட்பார்கள்.

இரண்டு நாடுகளுமே 1993 ஒப்பந்தத்தில் இருந்தால், தத்தெடுப்பு நடந்த நாடு 23-ஆம் பிரிவின்படி ஓர் இணக்கச் சான்று தரும். அந்தத் தாள் இருந்தால் மற்ற உறுப்பு நாடுகளில் தத்தெடுப்பு சட்டப்படி தானாகவே அங்கீகரிக்கப்படும். தனியே வழக்குப் போட வேண்டாம். அதைக் கையில் வாங்கும்போது ஓரிடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தத்தெடுப்பைத் தொடரலாம் என்று இரண்டு நாட்டு மைய ஆணையங்களும் சம்மதித்தது எப்போது, சம்மதித்தது யார் என்ற விவரம் அதில் இருந்தே ஆக வேண்டும். உங்கள் நாட்டு ஆணையம் கொடுத்த கடிதத்தை எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து, தேதியையும் அலுவலகப் பெயரையும் ஒப்பிடுங்கள். குழந்தையின் பெயர் எழுத்தும் பாஸ்போர்ட்டோடு ஒன்றாக இருக்க வேண்டும். தப்பு இருந்தால் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் மாற்றி வாங்குங்கள். விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டி வந்தாலும் பரவாயில்லை.